கோதண்டத்துக்கு நாற்பது நிமிஷம், எனக்கு ஐந்து

தம்பி, கோதண்டத்துக்கு உன் கல்யாணப் பத்திரிகையை நான் இன்னும் கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டேன், அவனும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான் என்று உன்னிடம் சொன்னது பொய். உன் அம்மா தட்டில் வைத்துக் கொடுத்த வாழைப்பழத்தையும் வெற்றிலைபாக்கையும் வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி கேட்டில் நிற்கிற செக்யூரிட்டியிடம் நீட்டினேன். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். காலித் தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தேன். பத்திரிகை மூன்று வாரமாக நம் குட்டியானை வண்டியில், டிரைவர் சீட்டுக்கு மேலே வெயில் மறைக்கிற அட்டைக்குப் பின்னால் செருகிக் கிடக்கிறது. மஞ்சள் தடவிய மூலை வெளுத்துவிட்டது. கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நேரில் போய் அழைக்காத வீட்டில் கோதண்டம் காலெடுத்து வைக்க மாட்டான். அவன் வரவில்லையென்றால் நீ காரணம் கேட்பாய். கேட்டால் எல்லாம் வெளியே வரும். அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

நேரில் சொல்லலாம்தான். சொன்னால் நீ என் முகத்தைப் பார்ப்பாய். உள்ளே இருப்பதைப் பார்ப்பது உன் தொழில், அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை உனக்கு வரப்போகிறவள் படிக்கட்டும், கோதண்டம் படிக்கட்டும், டீக்கடையில் உட்கார்ந்து எவன் வேண்டுமானாலும் படிக்கட்டும். நான் செய்த தப்பை நாலு பேர் காதில் போட்டுத்தான் செய்தேன். அதைத் திரும்ப எடுப்பதும் நாலு பேருக்குத் தெரிந்துதான் நடக்க வேண்டும்.

கோதண்டமும் நானும் எப்படி என்று உனக்குப் பாதிதான் தெரியும். இரண்டு பேரும் ஒரே லாரியில் லோடு ஏற்றியவர்கள். அவன் பென்னலூர், நான் சேரப்பணஞ்சேரி. இந்தப் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்தபோது மெஷின்கள் கடல் தாண்டிப் பெரிய பெரிய மரப்பெட்டிகளில் வந்தன. மெஷினை எடுத்துக்கொண்டு பெட்டியை உடைத்து வெளியே எறிந்தார்கள். எல்லாரும் அடுப்புக்கு ஆகும் என்று பார்த்த மரத்தை நானும் அவனும் விற்கிற சரக்காகப் பார்த்தோம். ஆணி பிடுங்கி, அறுத்து, சரக்கு அடுக்குகிற பேலட் அடித்து, பக்கத்துக் கம்பெனிக்கே திருப்பி விற்றோம். இரண்டு வருஷம் சேர்ந்து செய்தோம், பிறகு பிரிந்தோம். பிரிந்ததற்குச் சண்டை ஒன்றும் இல்லை. ஒரே உறையில் இரண்டு பேர் கொட்டேஷன் போட முடியாது, அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்தக் கம்பெனி மர லாட்டை, அதாவது கழித்த மரக் குவியலை, ஏலம் கூப்பிட்டாலும் ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் நான். அதிக விலை எழுதுகிறவனுக்குத்தான் லாட். அவன் யார்டில் ஷெட் போட்டால் நான் ஒரு மாசத்தில் அதைவிட நீளமாகப் போடுவேன். அவன் மகளுக்கு வண்டி வாங்கிக் கொடுத்தபோது உனக்கு ஓட்டத் தெரியாத வயசிலேயே உனக்கு வண்டி வாங்கினேன். அந்த வண்டி இரண்டு வருஷம் துணி போர்த்தி நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். ஏன் வாங்கினார் என்று நீ அம்மாவிடம் கேட்டதாகச் சொன்னாள். இதற்குத்தான்.

அந்த யார்டு உனக்கு என்றுதான் வளர்த்தேன். நீ பிளஸ் டூ முடித்துவிட்டு, நெஞ்சை ஸ்கேன் எடுக்கிற படிப்பு படிக்கிறேன் என்றாய். எக்கோ டெக்னீஷியன் என்று ஒரு வேலை இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். டாக்டர் என்றால்கூட ஊரில் சொல்லிக்கொள்ளலாம், கண்டவன் நெஞ்சில் பசை தடவுகிற வேலையா என்று கேட்டேன். நீ அப்ளிகேஷனில் கையெழுத்து மட்டும் போடச் சொன்னாய். அன்றைக்குப் பேசியது தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, அதற்குப் பிறகு ஐந்து வருஷம், ஒரு நாள்கூட உன்னிடம் இன்றைக்கு என்ன பார்த்தாய் என்று கேட்காதது. உனக்கு நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது உனக்குப் பிடிக்காத வேலைக்குப் போனால், பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போ. ஆனால் சாயங்காலம் வந்ததும் இன்றைக்கு என்ன நடந்தது என்று கேள். கேட்காமல் விட்டால் வேறு எவனாவது கேட்பான். பிள்ளை அவனிடம் சொல்லும்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். போன தை மாசம், பொங்கல் முடிந்த வாரம், வல்லத்தில் ஒரு பெரிய கம்பெனி வருஷ லாட்டுக்கு மரம் பார்க்கக் கூப்பிட்டிருந்தது. மலை மாதிரி குவித்து வைத்திருந்தார்கள். மரம் பார்ப்பது எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அரை டிராயர் வயசிலேயே என்னோடு வந்திருக்கிறாய். குவியலைப் பிரிக்க விடமாட்டார்கள். வெளியே நின்று சுற்றிப் பார்த்து, உள்ளே என்ன இருக்கும் என்று கணக்குப் போட வேண்டும். கோதண்டம் எப்போதும் மூன்று சுற்று சுற்றுவான். அன்றைக்கு ஒரு சுற்று பாதியில் நின்று ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். கால் இரண்டும் வீங்கியிருந்தது. செருப்பு வார் போட முடியாமல் தரையில் இழுத்துக்கொண்டு வந்திருந்தான். வயிறு முன்னால் தள்ளியிருந்தது, முகம் ஊதியிருந்தது, மூச்சு வாங்கியது. ஸ்டோர்ஸ் ஆபீசர் என் பக்கத்தில் நின்றிருந்தார். அவருக்குக் கண் அங்கேதான் இருந்தது. உங்க ஃப்ரெண்டுக்கு உடம்புக்கு என்னங்க என்று மெதுவாகக் கேட்டார்.

தெரியவில்லை சார் என்று சொல்லியிருக்கலாம், அதுதான் உண்மையும். நான் சிரித்துக்கொண்டே, "உடம்புக்கு இன்னா சார், சாயங்காலம் ஆனா பாட்டிலு. அதான் ஊதிகினு கீது" என்று சொன்னேன்.

தம்பி, கோதண்டம் குடிக்க மாட்டான். வாலிபத்தில் ஒரு தடவை லோடுமேன்கள் கட்டாயப்படுத்தி அரை பீர் குடிக்க வைத்தார்கள். லாரி டயர்மேல் வாந்தி எடுத்தான், டயரை நான்தான் கழுவினேன். அதோடு சரி. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். வருஷம் முழுக்க லோடு எடுக்க வேண்டிய காண்ட்ராக்டை ஒரு குடிகாரனுக்கு எவன் கொடுப்பான்? அடுத்த வாரம் லாட் எனக்கு வந்தது. உனக்கு அன்றைக்குப் பிரியாணி வாங்கி வந்தேன், ஞாபகம் இருக்கிறதா?

சொன்னது அந்த ஸ்டோர்ஸோடு நிற்கவில்லை. கேட்டில் தெரிந்தது, டீக்கடைக்கு வந்தது, லோடுமேன்கள் வாயில் போனது, கடைசியில் கோதண்டத்தின் மனைவி சரசு காதில் விழுந்தது. கால்வீக்கம் கண்ணெதிரே இருந்ததால் அவளும் நம்பினாள். அவன் யார்டில் மரக்கட்டைகளுக்கு நடுவே பாட்டில் தேடியிருக்கிறாள். அவன் சட்டையை மோந்து பார்த்திருக்கிறாள். இல்லடி என்று அவன் சத்தியம் பண்ணினால் குடிகாரன் சத்தியம் என்று அழுதிருக்கிறாள். பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப் போய், ஒளிச்சு வெச்சுக் குடிக்கிறாருங்க என்று அவளே டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். வயிற்றை ஸ்கேன் எடுத்தால் ஈரல் வீங்கியிருக்கிறது, வயிற்றில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. சொன்னதும் ஸ்கேனும் ஒத்துப் போய்விட்டது. அதற்கு மேலே யார் போய் நெஞ்சைப் பார்ப்பார்கள்? நாலு மாசம் ஈரலுக்கு மாத்திரை சாப்பிட்டான். நான் நாலு மாசம் அந்த லாட்டில் லோடு ஏற்றினேன்.

வைகாசியில் ஒரு நாள் அவனால் படுக்கவே முடியவில்லை என்று உன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். அன்று சாயங்காலம் நீ வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னதை நான் எதிரில் உட்கார்ந்து கேட்டேன். கிளினிக்கில் எழுதிக் கொடுத்த சீட்டில் குடிப்பழக்கம், ஈரல் நோய் என்று இருந்தது. டாக்டர் மேடம் கழுத்து நரம்பு புடைத்திருப்பதைப் பார்த்துவிட்டு எதற்கும் எக்கோ எடு என்று உன்னிடம் அனுப்பினார்கள். படுக்க முடியாதவனைத் தலையணை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்தாய். நெஞ்சில் கருவியை வைத்ததுமே திரையில் இதயத்தைச் சுற்றிலும் கறுப்பாகப் பட்டை தெரிந்தது. கறுப்பு என்றால் தண்ணீர். அதற்குள் இதயம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. அதன் வலது பக்கம் விரிய இடமில்லாமல் அமுங்கி அமுங்கிப் போனது. நீ அளவுகூட எடுக்காமல் மேடத்தைக் கூப்பிட ஓடினாய். அவர்கள் ஊசி போட, நீ அந்தக் கருவியைப் பிடித்து ஊசி எங்கே போகிறது என்று திரையில் காட்டிக்கொண்டே இருந்தாய். கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வந்தது. பாதி எடுக்கும்போதே அவன், அப்பாடா, மூச்சு வருது என்றானாம்.

உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீ சோற்றைப் பிசைந்தபடியே, "யாரோ குடிக்கிறாருன்னு கெளப்பி விட்டிருக்காங்கம்மா. அதை நம்பிகினு நாலு மாசம் வேற எடத்தையே பாத்துகினு இருந்திருக்காங்க. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா ஆளு இல்ல" என்றாய். அம்மா, அந்த வாய் விளங்குமா என்று ஆரம்பித்து, எழுத முடியாத நாலு வார்த்தை சொன்னாள். நான் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். முதலில் பயம்தான் இருந்தது. பிறகு அவன் பிழைத்துக்கொண்டான், நீரில் காசநோய்க் கிருமி இருந்தது, ஆறு மாசம் மாத்திரை என்றார்கள். பயம் போனது. பயம் போன இடத்தில் வந்து உட்கார்ந்தது பொறாமை. நான் கொன்றுவிடப் பார்த்த ஆளை நீ காப்பாற்றினாய், நான் நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவன் நடமாட ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. டீக்கடையில் உட்கார்ந்து உன்னைப் பற்றியே பேசுவான். சட்டைப் பித்தானைக் கழற்றி ஊசி போட்ட இடத்தை எல்லாருக்கும் காட்டுவான். அந்தத் தழும்பு கொசு கடித்த அளவுதான் இருக்கும், அவன் காட்டுவது என்னவோ போரில் வெட்டு வாங்கினவன் மாதிரி.

ஒரு நாள் நானும் இருக்கும்போதே சொன்னான். "புள்ள எப்பிடி வெளங்க வெச்சான்றே. மாமா, ஜப்பான் மெஷினு பெட்டிக்குள்ள வரும்ல, அத்த சுத்தி வெள்ளியாட்டம் ஒரு கவரு ஒட்டினாப்புல போட்டிருப்பான்ல, உங்க நெஞ்சுக்கும் அப்பிடி ஒரு கவரு கீது. கவருக்கும் மெஷினுக்கும் நடுவுல தண்ணி எறங்கிட்சி. மெஷினு நல்லாதான் கீது, பயப்படாதீங்கன்னான்."

தம்பி, எனக்கு வயிறு எரிந்தது என்றால் சும்மா சொல்லவில்லை. அந்த வெள்ளிக் கவரை உனக்கு யார் காட்டியது? ஏழு வயசில் நம் யார்டில் ஒரு பெட்டியைப் பிளந்தபோது அதற்குள் இருந்த கவரை எடுத்து உனக்குக் கூடாரம் கட்டிக் கொடுத்தவன் நான். உப்புக்காற்று உள்ளே போகாமல் இருக்கத்தான் இது என்று சொல்லிக் கொடுத்தவன் நான். நான் கொடுத்த சரக்கை எடுத்துக்கொண்டு போய் கோதண்டத்துக்குக் கொடுத்திருக்கிறாய். என்னிடம் ஒரு தடவையாவது நெஞ்சைப் பற்றிச் சொன்னதுண்டா? நான் கேட்கவில்லை, சரிதான். அவன் கேட்டான், சொன்னாய். அது எனக்குப் புரிகிறது. புரிந்தால் எரிச்சல் குறைந்துவிடும் என்று எவன் சொன்னது?

அதற்கப்புறம் மாசாமாசம் அவன் உன்னிடம் வந்தான். நெஞ்சைச் சுற்றிய அந்த உறை தடித்துப் போய் இதயத்தை இறுக்கிவிடக் கூடாது, அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று மேடம் சொன்னார்களாம். எக்கோவில் தண்ணீர் நன்றாகத் தெரியும், உறை எவ்வளவு தடிப்பு என்பது சி.டி. ஸ்கேனில் இன்னும் தெளிவாகத் தெரியும் என்று டீக்கடையில் அவன் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டான். ஒவ்வொரு தடவையும் நாற்பது நிமிஷம் பார்த்தாயாம். மூச்சை இழு, விடு, பிடி என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாயாம். முடிந்ததும் திரையை அவன் பக்கம் திருப்பி, மாமா, கறுப்பு போயிட்சு பாருங்க என்று காட்டினாயாம். பசையை நீயே துடைத்துவிட்டாயாம். தீபாவளிக்கு அவன் உனக்கு எடுத்த சட்டையை நீ போட்டுக்கொண்டு போனாய். நான் எடுத்தது பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். என் மகன் அந்த ஆளோடு உட்கார்ந்திருந்த நேரம், ஐந்து வருஷத்தில் என்னோடு உட்கார்ந்ததைவிட அதிகம்.

அப்புறம் நான் செய்தது உனக்கே தெரியும். கார்த்திகையில் ஒரு நாள் நெஞ்சு பிடிக்கிறது என்று உன் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வண்டியில் ஏறும்போது இறுக்குகிறது, இடது கை மரத்துப் போகிறது என்றேன். எல்லாம் கோதண்டம் சொல்லக் கேட்டதும், டிவியில் பார்த்ததும். உன் முகம் வெளுத்ததைப் பார்த்தபோது, இதைக் கேட்டு நீ என்னைத் திட்டிக்கொள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மேடம் பார்த்துவிட்டு எக்கோவும் பார்த்துவிடலாம் என்றார்கள். அந்த இருட்டறையில் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாய். பசை ஜில்லென்று இருந்தது. உன் கை என் விலா எலும்பை அழுத்திக்கொண்டிருந்தது. திரை வெளிச்சத்தில் உன் முகம் மட்டும் தெரிந்தது. உனக்கு சைக்கிள் பழக்கிய பிறகு அவ்வளவு கிட்டத்தில் நாம் இருந்ததில்லை. இப்படியே கொஞ்ச நேரம் போகட்டும் என்று படுத்திருந்தேன்.

ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டாய். மூச்சை இழு என்று ஒரு தடவை சொன்னாய், விடு என்று ஒரு தடவை சொன்னாய். திரையைத் திருப்பவில்லை. டிஷ்யூவை என் கையில் கொடுத்தாய், நானே துடைத்துக்கொண்டேன். நல்லா கீதுப்பா, ஒண்ணும் இல்ல என்றாய். அப்புறம் கதவைத் திறப்பதற்கு முன்னால் மெதுவாக, "அடுத்த வாட்டி என்னப் பாக்கணும்னா போன் பண்ணுப்பா, நானே யார்டுக்கு வர்றேன். வெளிய நெஜமா முடியாதவங்க ஒக்காந்துகினு கீறாங்க" என்றாய்.

நீ கண்டுபிடித்தது எனக்கு அவமானமாக இல்லை. ஒன்றுமில்லாத நெஞ்சுக்கு ஐந்து நிமிஷம்தானா என்பதுதான் வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது மனசில் ஓடியது. கோதண்டத்துக்கு நோய் கொடுத்தவன் எனக்கும் கொஞ்சம் கொடுத்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன். ஐம்பத்தெட்டு வயசு மனுஷன், இரண்டு ஷெட், மூன்று வண்டி, நோய் இல்லையே என்று பொறாமைப்பட்டுக்கொண்டு படப்பை ரோட்டில் வருகிறேன். இப்படி ஒரு புத்தி உனக்கு வந்தால், வந்தவுடனே பெண்டாட்டியிடம் சொல்லிவிடு. அவள் சிரித்தாலும் பரவாயில்லை. உள்ளே வைத்துக்கொண்டால் அது தேங்கும். நான் தேக்கினேன்.

இந்த நிலையில்தான் நீ சொன்னாய், சாமிக்கு வைத்த பிறகு முதல் பத்திரிகை கோதண்டம் மாமாவுக்கு என்று. நம் வழக்கத்தில் அது உன் தாய்மாமனுக்குப் போக வேண்டியது. அவரே சரி என்றுவிட்டார், அம்மாவும் சரி என்றாள். அம்மாவும் நானும் ஜோடியாகப் போக வேண்டும். அன்றைக்கு அவளுக்கு முட்டிவலி என்பதைப் பிடித்துக்கொண்டு நான் மட்டும் தட்டோடு கிளம்பினேன். பென்னலூர் திருப்பம் வரைக்கும் போனேன். அவன் வாசலில் போய் நின்று, என் மகன் உனக்குத்தான் முதல் மரியாதை கொடுக்கிறான் என்று என் கையாலேயே நீட்ட வேண்டும். அவன் வாங்கிக்கொண்டு, உம் புள்ள இல்லப்பா, எம் புள்ள என்று சொல்வான், சொல்லாமல் விடமாட்டான். வண்டியைத் திருப்பிவிட்டேன்.

இதுவரைக்கும் திங்கட்கிழமை மத்தியானம் யார்டில் உட்கார்ந்து எழுதியது. படித்துப் பார்த்தேன். உன்னிடம் சொல்வது பாதி வேலை என்று தோன்றியது. மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இன்றைக்குப் புதன். நடந்ததை எழுதி முடித்துவிடுகிறேன்.

முதலில் உன் அம்மாவிடம் சொன்னேன். கிளப்பி விட்டது யார் என்று தெரியாமல் வைகாசியில் அவள் திட்டிய நாலு வார்த்தையையும் மறுபடி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, புதுத் தட்டில் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, குட்டியானையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கார் கொண்டு வரேன் என்றேன், வேண்டாம் என்று கை காட்டினாள். அட்டைக்குப் பின்னால் கை விட்டு அந்தப் பழைய பத்திரிகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பென்னலூர் திருப்பத்தில்தான், "நீயே பேசு. நான் தட்டைப் புடிச்சிகினு நிக்கிறேன்" என்றாள். முப்பது வருஷத்தில் என்னை நீ என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

கோதண்டமும் சரசுவும் வீட்டில் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். ஸ்டோர்ஸில் அன்றைக்கு என்ன சொன்னேனோ அதே வார்த்தையில், சிரிப்பை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். சரசு அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்த்துக் கத்துவாள், காறித் துப்புவாள் என்று பார்த்தேன். வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கோதண்டத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். "எவன் சொல்லியிருந்தா இன்னா. கூட குடும்பம் நடத்தினவ, நான் நம்பினேன்ல." கதவை விடாமலே, "உன் சட்டைய மோந்து பாத்தேன்ல" என்றாள். கோதண்டம் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றான்.

அப்புறம் என் பக்கம் திரும்பினான். அவன் கேட்டது உனக்குச் சிரிப்பாக இருக்கும், எங்கள் தொழிலில் இருப்பவனுக்கு இருக்காது. "யோவ், அந்த லாட்டுக்கு நீ எவ்ளோ போட்ட?" என்றான். சொன்னேன். மோட்டுவளையைப் பார்த்து மனசுக்குள் ஏதோ ஒப்பிட்டான்.

"நான் உன்னவிட கம்மியாதான்யா போட்டிருந்தேன்" என்றான். "அன்னிக்கு சுத்திப் பாக்க முடியல, பயந்துகினு கம்மியா போட்டேன். நீ வாயத் தொறக்காம இருந்திருந்தாலும் உனக்குதான் வந்திருக்கும்."

தம்பி, நான் அவன் காலில் விழுந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கனமாக இருந்திருக்காது. நான் சொன்ன பொய்யில் எனக்கு ஒரு கட்டைகூடக் கிடைக்கவில்லை. அவனுக்கும் சரசுவுக்கும்தான் நாலு மாசம் போனது. மீதி இருக்கிற லோடை நீ எடுத்துக்கொள் என்றேன். அதெல்லாம் வேணாம், அடுத்த மாசம் புதுசா கொட்டேஷன் கூப்பிடுவான், மூணு சுத்து சுத்திப் பாத்துட்டு உன்னத் தோக்கடிச்சி எடுக்கறேன் என்றான். உன் அம்மா தட்டை நீட்டினாள். சரசு வாங்கிக்கொண்டு அம்மாவுக்குக் குங்குமம் கொடுத்தாள். "வர்றோம். அந்தப் புள்ளைக்காக வர்றோம்" என்றாள். எனக்காக இல்லை என்பதை அவள் சொல்லவில்லை. பத்திரிகையின் வெளுத்த மூலையில் விரலால் புதிதாக மஞ்சள் தடவினாள், அவ்வளவுதான்.

உன் வேலைக்கு நான் புத்தி சொல்ல முடியாது. ஆனால் ஒன்று சொல்கிறேன், தப்புச் செய்தவனுக்குத்தான் இது தெரியும். சீட்டில் குடிகாரன் என்று எழுதியிருந்தால் அதற்குப் பின்னால் என்னைப் போல ஒருத்தன் சிரித்துக்கொண்டு நிற்கலாம். அன்றைக்கு நீயும் மேடமும் சீட்டை நம்பாமல் நெஞ்சைப் பார்த்தீர்கள். வீட்டுக்கு வருகிறவளிடமும் அப்படியே இரு. அவளைப் பற்றி எவன் எதைச் சொன்னாலும், நான் சொன்னாலும், உன் அம்மா சொன்னாலும், அவளைக் கேள்.

இதெல்லாம் சொல்லிவிட்டதால் எனக்குப் பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதே. வாசல் வரைக்கும் வந்த கோதண்டம் என்ன சொன்னான் தெரியுமா? அடுத்த மாசம் கடைசி செக்கப்பு, நீயும் கூட வாய்யா, புள்ள திரைய எம் பக்கம் திருப்பிக் காட்டுவான் பாரு, அழகா இருக்கும் என்றான். மன்னித்துவிட்டுச் சொல்கிறானா, வேண்டுமென்றே சொல்கிறானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. படப்பை தாண்டும்வரை எரிந்துகொண்டே வந்தேன். மண்டபத்தில் அவன் முதல் வரிசையில் உட்காரட்டும், நானே நாற்காலி போடுகிறேன். அவன் காலில் நீ விழு, விழ வேண்டியதுதான். ஆனால் என்னிடம் வந்துவிட்டு அவனிடம் போ.

கல்யாணம் முடிந்து நீ வேலைக்குத் திரும்பிய பிறகு, வெளியே யாரும் உட்கார்ந்திராத ஒரு மத்தியானமாகப் பார்த்துச் சொல். வருகிறேன். வலிக்கிறது என்று சொல்ல மாட்டேன். நீ சொல்கிறபடி இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொள்கிறேன். திரையை என் பக்கம் திருப்பு. ஒன்றும் இல்லப்பா என்பாய். பரவாயில்லை. அந்த ஒன்றுமில்லாததை எனக்குக் காட்டு.

உன் அப்பா